கொட்டை நீக்கிய கருவிகளின் கதை



“பருத்திக்கு உழுமுன் தம்பிக்கு எட்டு முழம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. நிலத்தை உழுது, விதைத்து, களையெடுத்து, வெடித்த காயைப் பறித்து, கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, நூற்று, பாவோட்டி, நெய்து முடித்த பின்னரன்றோ துணி கைக்கு வரும்? அதற்குள் தம்பிக்கு இத்தனை முழம் என்று பங்கு போடும் அவசரக்காரரைக் கண்டு நகைத்தவர்கள் நம் முன்னோர்கள். அந்த நீண்ட வரிசையில் நூற்பதைப் பற்றியும் நெய்வதைப் பற்றியும் பலர் பேசியிருக்கின்றார்கள், எழுதியிருக்கின்றார்கள். கொட்டை நீக்குவதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இன்று அந்த ஒரு வேலையையும், அதனை எளிதாக்க மனிதர் செய்த கருவிகளையும் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

நம் தமிழ் இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காத்து வருகின்றது. செடியிலிருந்து பறித்து, கொட்டையோடு இருப்பது பருத்தி. கொட்டை நீங்கியது பஞ்சு. உழவர் விற்பது பருத்தி. நூற்பாலை வாங்குவது பஞ்சு. பருத்தியைப் பஞ்சாக்கும் தொழிலை ‘அரைத்தல்’ என்றும், அத்தொழில் நடைபெறும் இடத்தை ‘அரவை ஆலை’ என்றும் வழங்குகின்றோம். நெல்லரைப்பதைப் போன்றோ மிளகாய் அரைப்பதைப் போன்றோ இங்கு எதுவும் பொடியாவதில்லை. பொடியாகாமல் காப்பதே இந்த அரவையின் சிறப்பு. கொட்டையும் உடையக் கூடாது. இழையும் அறுபடக் கூடாது. இரண்டும் பிரிய வேண்டும்.

இது எளிய வேலைதானே என்று நீங்கள் எண்ணலாம். நான் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடம் நடத்தும் காலங்களில், கொட்டையோடு கூடிய பருத்தியை வருவித்து, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி கொடுத்து, விரல்களால் கொட்டையை நீக்கச் சொல்வது வழக்கம். பாடவேளை முடிந்து மணி அடிக்கும்போது, நாற்பது மாணவர் சேர்த்த பஞ்சு ஒரு சிறு தலையணைக்கும் போதாது. பருத்திக் கொட்டையின் தோலிலிருந்தே ஒவ்வோர் இழையும் மயிர்போல முளைத்து வளர்கின்றது. ஆகவே அது கொட்டையில் ஒட்டியிருப்பதன்று; கொட்டையின் உறுப்பாகவே இருப்பது. ஏறத்தாழ 100 கிலோ பருத்தியை அரைத்தால் 33 முதல் 35 கிலோ வரையில்தான் பஞ்சு கிடைக்கும். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி கொட்டையே. ஓர் ஊரார் உடுக்கும் துணிக்கு எத்தனை விரல்கள் எத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழகத்தில் இவ்வுழைப்பு மிகத் தொன்மையானது. இரவில் சிறு விளக்கொளியில் பருத்தியின் குப்பையைப் புடைத்து நீக்கும் பெண்ணொருத்தியைப் புறநானூற்றுப் பாடலொன்று நமக்குக் காட்டுகின்றது. பகலெல்லாம் வேறு பணி. இரவில் பருத்திப் பணி. துணிக்குப் பெயர்போன காஞ்சிபுரத்தில் பஞ்சுப்பேட்டை என்றொரு பகுதி இன்றும் இருக்கின்றது. தறியின் புகழைப் பாடிய நாடு, தறிக்கு முன்னால் அமர்ந்து பஞ்சைத் தூய்மை செய்தவர்களின் பெயரை எழுதி வைக்கவில்லை. எனினும் அவர்கள் பயன்படுத்திய கருவியின் வரலாற்றை ஓரளவு அறிய முடிகின்றது.

முதற்கருவி ஓர் உருளைதான். தட்டையான கல்லின்மேல் பருத்தியைப் பரப்பி, அதன்மேல் இரும்புக் கோலை உருட்டினால், இழை ஒரு புறம் செல்ல, கொட்டை மறுபுறம் பிதுங்கி விலகும். கையால் உருட்டுவதும் உண்டு. காலால் உருட்டுவதும் உண்டு. அசந்தாக் குகையில் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த ஓவியமொன்றில் இத்தகைய ஒற்றை உருளைக் கருவியை அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கின்றனர். இரும்பை உருட்டிக் கொட்டையை நசுக்காமல் வெளியேற்றுவதற்குக் கையில் பதம் வேண்டும். அழுத்தம் மிகுந்தால் கொட்டை உடைந்து எண்ணெய் பஞ்சில் படியும். குறைந்தால் இழை பிரியாது.

இடைக்காலத்தில் இந்தியக் கைவினைஞர் அடுத்த படியை ஏறினர். இரண்டு மெல்லிய உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரச்சட்டத்தில் பொருத்தினர். ஒன்றைக் கைப்பிடியால் சுழற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுழலுமாறு, உருளைகளின் முனையில் திருகு போன்ற பற்களைச் செதுக்கினர். உருளைகளுக்கு இடையே உள்ள இடுக்கு இழை நுழைவதற்குப் போதும். கொட்டை நுழைவதற்குப் போதாது. பருத்தியை ஒருபுறம் ஊட்டினால், பஞ்சு மறுபுறம் இழுபட்டுச் செல்லும். கொட்டை முன்புறமே உதிரும். வடநாட்டார் இதனைச் ‘சர்க்கி’ என்பர். மரத்தாலான இந்தத் திருகுப் பற்கள் சாதாரணமானவை அல்ல. சுழற்சியை ஓர் உருளையிலிருந்து மற்றோர் உருளைக்கு மாற்றும் பல்லிணைப்பு, இன்று நீங்கள் மோட்டார் வண்டியில் காணும் பற்சக்கர இணைப்பின் உறவினமே. நம் ஊர்த் தச்சர் அதனை உளியால் செதுக்கினார் என்பது பெருமைக்குரிய செய்தி.

சர்க்கி இழையைச் சிறிதும் சிதைப்பதில்லை. கொட்டையும் முழுமையாகக் கிடைக்கும். மறு ஆண்டு விதைக்கலாம், மாட்டுக்குத் தீவனமாக ஆட்டிக் கொடுக்கலாம். ஆனால் நாள் முழுதும் சுற்றினாலும் சில ராத்தல் பஞ்சே தேறும். குணத்தில் நிறைவும் அளவில் குறைவும் உடைய கருவி அது.

இனி, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இருவகைப் பருத்தி விளைந்தது. கடற்கரைத் தீவுகளில் விளைந்த நீண்ட இழைப் பருத்தியின் கொட்டை வழவழப்பானது. உருளைக் கருவியில் அது எளிதில் நீங்கியது. உள்நாட்டு மேட்டு நிலங்களில் விளைந்த பருத்தியின் கொட்டையோ பச்சை நிறமும் குறுமயிர்ப் போர்வையும் உடையது. உருளை அதனிடம் தோற்றது. ஓர் ஆள் நாள் முழுதும் கையால் முயன்றால் ஒரு ராத்தல் பஞ்சு கிடைக்கும் என்பது அந்நாளைய கணக்கு. இங்கிலாந்திலோ நூற்கும் இயந்திரங்கள் பெருகிப் பஞ்சுக்கு வாய் திறந்து நின்றன.

இந்நிலையில் 1792இல் யேல் கல்லூரிப் படிப்பை முடித்த ஈலை விட்னி என்னும் இளைஞர், ஆசிரியப் பணியை நாடித் தெற்கே சென்றார். ஜார்ஜியாவில் கேதரின் கிரீன் என்னும் அம்மையாரின் பண்ணையில் தங்கியிருந்தபோது இச்சிக்கலைக் கேள்வியுற்றார். 1793இல் கருவி உருவாயிற்று. 1794ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. விட்னி உருளையால் நசுக்கும் முறையை விட்டுவிட்டார். மரத்தாலான உருளையில் கம்பிப் பற்களைப் பதித்தார். அவை குறுகிய இடுக்குகளின் வழியே சென்று இழையைப் பற்றி இழுக்கும். இடுக்கில் நுழைய இயலாத கொட்டை பின்தங்கும். பற்களில் சிக்கிய பஞ்சை, எதிரே சுழலும் தூரிகை உருளை துடைத்தெடுக்கும். சில ஆண்டுகளுக்குள் ஹாட்ஜன் ஹோம்ஸ் என்பவர் கம்பிப் பற்களுக்கு மாற்றாக வட்ட ரம்பத் தகடுகளைப் பொருத்தி, 1796இல் தாமும் ஒரு காப்புரிமை பெற்றார். ரம்ப அரவைப் பொறி பிறந்தது.

விட்னிக்கு இதனால் செல்வம் குவியவில்லை. பருத்தியை அரைத்துக் கொடுத்து, கூலியாகப் பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கு பெற அவரும் அவருடைய கூட்டாளியும் திட்டமிட்டனர். கூலி மிகுதி, கருவியோ எந்தக் கொல்லனும் பார்த்துச் செய்யத்தக்க எளிமை உடையது. பண்ணையார்கள் தாங்களே செய்துகொண்டனர். வழக்குகளிலேயே விட்னியின் ஆண்டுகள் கழிந்தன.

ஆனால் கருவியின் விளைவு அவரோடு நின்றுவிடவில்லை. கொட்டை நீக்கும் தடை அகன்றவுடன் பருத்தி பயிரிடும் நிலம் பெருகிற்று. நிலம் பெருகப் பெருக, செடியின் அடியில் குனிந்து பறிக்கும் கைகள் மிகுதியாக வேண்டியிருந்தன. அக்கைகள் அடிமைகளின் கைகள். 1790இல் அந்நாட்டில் ஏறத்தாழ 7 இலட்சம் அடிமைகள் இருந்தனர். 1860இல் அத்தொகை 40 இலட்சத்தை நெருங்கிற்று. உழைப்பைக் குறைக்கப் பிறந்த கருவி, ஒரு மூலையில் விரல்களின் வலியைக் குறைத்து, மற்றொரு மூலையில் மனிதரின் விலங்கை இறுக்கிற்று. அடிமை முறைக்குக் கருவி ஒன்றே காரணம் என்று கூறுவது வரலாறாகாது. நிலமும், சட்டமும், பேராசையும் முன்னமே இருந்தன. எனினும் நலிந்துகொண்டிருந்த ஒரு தீமைக்குப் புதிய வருவாய் தேடிக் கொடுத்தது அக்கருவி என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கிருந்து கதை நம் ஊருக்கே திரும்புகின்றது. தன் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதிக்கு அமெரிக்காவையே நம்பியிருப்பது இங்கிலாந்துக்கு அச்சத்தைத் தந்தது. எனவே கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் பத்து அமெரிக்கப் பருத்திப் பண்ணையாளர்களை இந்தியாவுக்கு வருவித்தது. அவர்களுள் மூவர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்க விதைகளும் ரம்ப அரவைப் பொறிகளும் அவர்களோடு வந்தன. திருநெல்வேலிச் சீமையிலும் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் சோதனைகள் நடைபெற்றன. தென்னிந்தியச் செடிகொடிகளை ஓவியங்களோடு நூலாக வெளியிட்ட தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட், 1842 முதல் 1853 வரை கோவையில் தங்கி இச்சோதனைகளை நடத்தினார்.

பண்ணையாளர்கள் விரைவான கருவியைக் கொண்டுவந்தனர்; அதற்கு ஏற்ற இழை இங்கு இல்லை. அந்நாளில் நம் நிலங்களில் விளைந்தவை உப்பம், நாடன் முதலிய குற்றிழைப் பருத்திகள். ரம்பப் பற்கள் இழையை வேகமாகப் பற்றி இழுக்கும்போது ஒரு பகுதி அறுபடும். நீண்ட இழையில் சிறிது அறுந்தாலும் நூற்பதற்குப் போதிய நீளம் எஞ்சும். குறுகிய இழையில் அறுந்தால் எஞ்சுவது தூசுதான். அன்றியும் அமெரிக்கச் செடி நம் மழைக்கும் மண்ணுக்கும் உடனே பழகவில்லை. பல் மழுங்கிய ரம்பத்தைத் தீட்டவும், வளைந்த தகட்டை நிமிர்த்தவும் பழகிய கொல்லரும் ஊரில் இல்லை. அமெரிக்க வயலுக்கு ஏற்ற கருவி கோவையின் கரிசலில் விருந்தாளியாகவே இருந்தது. சர்க்கி வீட்டாளாகத் தொடர்ந்தது.

இக்கதைக்கு மாறான ஒரு காட்சியை இன்றைய கருநாடகத்தின் தார்வாடில் காண்கின்றோம். அங்கே அமெரிக்கப் பருத்தி வேரூன்றியது. அதற்கு ரம்பப் பொறியும் பொருந்தியது. டாக்டர் ஃபோர்ப்ஸ் என்பவரின் மேற்பார்வையில் அரசாங்கத்தின் பொறிச்சாலையொன்று இயங்கி, கிராமத்தார் கையால் இயக்கத்தக்க சிறு ரம்பப் பொறிகளைச் செய்தது. பழுது பார்ப்பதற்கும் இடம் இருந்தது. ரம்பத்தால் அரைத்த தார்வாடுப் பஞ்சு என்று சந்தையில் தனிப்பெயரே வழங்கலாயிற்று. ஒரே கருவி ஓரிடத்தில் தோற்று, மற்றோரிடத்தில் வென்றது. ஏற்ற இழையும், ஏற்ற அளவும், பழுது பார்க்கும் கையும் சேர்ந்த இடத்தில் அது வென்றது. மாணவர்களே, இச்செய்தியை நினைவில் இருத்துங்கள். நான் கூற வந்ததன் மையம் இதுவே.

வியப்பு என்னவென்றால், அமெரிக்கர்கள் ரம்பப் பொறியோடு இந்தியாவுக்கு வந்த அதே 1840ஆம் ஆண்டில், அமெரிக்காவிலேயே ஃபோன்ஸ் மெக்கார்த்தி என்பவர் பழைய உருளை முறையைப் புதுப்பித்துக் காப்புரிமை பெற்றார். அவருடைய பொறியில் தோல் போர்த்திய உருளையொன்று சுழலும். அதன் மேனியோடு இறுகத் தொடுமாறு அசையாத கத்தியொன்று பொருத்தப்பட்டிருக்கும். கத்தி என்றவுடன் வெட்டுவது என்று எண்ண வேண்டா. அதன் விளிம்பு கூர்மையற்றது. சொரசொரப்பான தோல் இழையைப் பற்றிக் கத்திக்கு அடியில் இழுத்துச் செல்லும். கொட்டை கத்தியின் விளிம்பில் தடைபட்டு நிற்கும். அந்நேரத்தில் மேலும் கீழும் அசையும் மற்றொரு கத்தி, நின்ற கொட்டையைத் தட்டித் தட்டி விடுவிக்கும். பற்றுதல், தடுத்தல், தட்டுதல் என்னும் மூன்று செயலும் இடைவிடாது நிகழும். சர்க்கியின் மென்மை இதில் குறையவில்லை; வேகமோ பன்மடங்கு பெருகிற்று. நீராவியாலும் இதனை இயக்க முடிந்தது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்கு வருவது நின்றது. மான்செஸ்டர் முதலாளிகள் 1857இலேயே பருத்தி வழங்கல் சங்கம் ஒன்றை அமைத்து, இந்தியா முதலிய நாடுகளுக்கு விதைகளையும் அரவைப் பொறிகளையும் அனுப்பிக்கொண்டிருந்தனர். இப்போது அம்முயற்சி முழு வேகம் பெற்றது. ஓல்டாம் நகரத்துப் பிளாட் சகோதரர் நிறுவனம் போன்ற பொறித் தொழிலாளர்கள் மெக்கார்த்தி வகைப் பொறிகளைச் செய்து அனுப்பினர். சர்க்கி வீட்டு முற்றத்திலிருந்து மெல்ல மெல்ல நீங்கியது. புகைபோக்கியுடன் அரவை ஆலை எழுந்தது.

தென்னகத்தில் இம்மாற்றத்தோடு நூற்பாலைகளும் தோன்றின. 1885இல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்வலியைக் கொண்டு ஆலை நிறுவினர். 1888இல் கோவையில் இராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் நூற்பாலை தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா என்னும் நீண்ட இழைப் பருத்தி கோவை மாவட்டத்துக் கிணற்றுப் பாசனத்தில் செழித்தது. திருப்பூர் பருத்திச் சந்தைக்கும் அரவை ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊராயிற்று. இன்று பின்னலாடையால் உலகறிந்த அவ்வூரின் அடித்தளத்தில் பருத்தி அரவை இருக்கின்றது.

வளர்ச்சியின் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் சர்க்கி சுற்றிய பெண் தன் வேளைக்குத் தானே தலைவி. அரவை ஆலையில் பொறியின் வேளையே அவளது வேளையாயிற்று. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் நடைபெறாத ஆலைகளைத் தொடவில்லை. அரவையோ பருவத் தொழில். ஆகவே பல அரவை ஆலைகள் சட்டத்துக்கு வெளியே நின்றன. பம்பாய் அரசு 1884இல் அமைத்த தொழிற்சாலை ஆணையத்தின் முன், கான்தேஷ் பகுதி அரவை ஆலைகளில் பெண்கள் விடியுமுன் புகுந்து இரவு நெடுநேரம் வரை பொறிமுன் நின்ற நிலை வெளிப்பட்டது. பருவ ஆலைகளையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர 1911ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. மெக்கார்த்தியின் பொறி இழையின்மீது காட்டிய கருணையை, அதனை நடத்தியவர்கள் அப்பெண்களின்மீது காட்டவில்லை.

மற்றொரு சிக்கல் விதையைப் பற்றியது. சர்க்கிக் காலத்தில் உழவரின் கொட்டை உழவரிடமே இருந்தது. ஆலையில் பல ஊர்ப் பருத்தி ஒரே பொறியில் விழுந்தது. நல்ல வகையும் தாழ்ந்த வகையும் கலந்தன; கலந்த கொட்டையே மறு ஆண்டு விதையாகத் திரும்பிற்று. வேளாண் துறையார் ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்த வகைகள் ஓர் அரவைப் பருவத்தில் கெட்டுப் போகும் நிலை உண்டாயிற்று. அளவைக் கூட்டிக் காட்டத் தாழ்ந்த பஞ்சையும் ஈரத்தையும் சேர்த்தவர்களும் இருந்தனர். இவற்றையெல்லாம் ஆராய 1917இல் இந்தியப் பருத்திக் குழு அமைந்தது. 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டி தோன்றியது. 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டமும், 1925இல் பருத்தி அரவை மற்றும் அழுத்தல் ஆலைகள் சட்டமும் இயற்றப்பட்டன. அழுத்திக் கட்டிய பொதி ஒவ்வொன்றும் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று அடையாளம் காட்ட வேண்டும் என்னும் விதி இந்த இரண்டாம் சட்டத்தில் வந்தது. 1936இல் திருப்பூரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. நல்ல பொறிக்கு நல்ல சட்டமும் துணை நிற்க வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

இனிப் பொறியின் பிற்கால வளர்ச்சியைக் காண்போம். ஓர் உருளை உள்ள இடத்தில் இரண்டு உருளைகளை வைத்து, நடுவே அசையும் கத்தி இருபுறமும் மாறி மாறித் தட்டுமாறு அமைத்தது இரட்டை உருளைப் பொறி. ஒரே அசைவு இரண்டு வேலை செய்கின்றது. கத்தி திரும்பி வரும் பயணமும் வீணாவதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் ரம்பப் பொறியே நிலவுகின்றது; அங்கே பருத்தியைப் பொறியே பறிக்கின்றது, பறித்த மலைபோன்ற குவியலை விரைந்து அரைக்க வேண்டும். இந்தியாவிலோ பருத்தி பெரும்பாலும் கையால் பறிக்கப்படுகின்றது. பலவகை இழைகள் சிறுசிறு அளவில் வருகின்றன. ஆகவே இரட்டை உருளைப் பொறியே இங்கு மிகுதி. இழையின் நீளத்தை அது காக்கின்றது; முடிச்சுகளையும் குறைவாகவே உண்டாக்குகின்றது. அமெரிக்கரும் தங்கள் மிக நீண்ட இழைப் பருத்திக்கு உருளையையே நாடுகின்றனர். அசையும் கத்திக்கு மாற்றாகச் சுழலும் கத்தியை அமைத்து அதன் வேகத்தைப் பெருக்கும் ஆராய்ச்சியை நியூ மெக்சிகோவின் மெசில்லா பார்க் ஆய்வுக்கூடத்தார் செய்தனர்.

நம் நாட்டில் 1924இல் பம்பாய் மாதுங்காவில் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. இன்று அது மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்று விளங்குகின்றது. 1985இல் நாகபுரியில் அரவைத் தொழிலாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் பயிற்சி அளிக்கும் நிலையம் தொடங்கிற்று. இந்நிறுவனத்தாரின் பணிகளுள் ஒன்றை மட்டும் சொல்கின்றேன். உருளையின்மேல் குரோமியம் ஊட்டிப் பதனிட்ட தோலைப் போர்த்துவது நெடுநாள் வழக்கம். கத்தியோடு உராய்ந்து தோல் தேயும்போது குரோமியம் கலந்த தூசு பஞ்சிலும் படியும். தொழிலாளியின் மூச்சிலும் சேரும். பொறி நன்றாக ஓடிற்று, பஞ்சும் நன்றாகவே வந்தது. தீங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. தோலுக்கு மாற்றாக ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்த அடுக்குகளால் உருளை செய்யலாம் என்று இந்நிலையத்தார் காட்டினர். வேகத்தைக் கூட்டாத இம்மாற்றத்தையும் நான் முன்னேற்றம் என்றே கூறுவேன்.

2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பருத்தித் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கி, அரவை ஆலைகளைப் புதுப்பிக்கத் துணை செய்தது. அதற்கு முன் பல ஆலைகளில் மண்தரையில் பருத்தியைக் குவித்து, பெண்கள் கூடையில் அள்ளித் தலைமேல் சுமந்து வந்து பொறியில் ஊட்டினர். மண்ணும், மயிரும், சாக்கு நாரும் பஞ்சில் கலந்தன. புதுப்பித்த ஆலைகளில் சிமெந்துத் தளம் வந்தது. முன்னதாகத் தூசு நீக்கும் கருவி வந்தது. பருத்தியைக் கொண்டுசெல்லும் ஓடு பட்டையும், தானே ஊட்டும் அமைப்பும், பொதி அழுத்தும் பொறியும் வந்தன. இந்தியாவில் செய்த இரட்டை உருளைப் பொறிகள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றன. ஒரு காலத்தில் அயல்நாட்டுப் பொறியை ஏங்கிப் பெற்ற நாடு, தன் பழைய உருளையைத் திருத்தி அயலாருக்குக் கொடுக்கும் நிலையை அடைந்தது. 1974இல் கோவையில் உருவாக்கி வெளியிட்ட சுவின் என்னும் மிக நீண்ட இழைப் பருத்தி, நம் நாட்டு வகைகளுள் மிக உயர்ந்த தரத்தது. அத்தகைய இழையை ரம்பத்திடம் ஒப்படைக்க யாரும் துணியார், உருளையிடமே கொடுப்பர்.

மாணவ நண்பர்களே, நான் வாழும் மறைமலை நகரிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை பொறித் தொழிலே பரந்து கிடக்கின்றது. உங்களில் பலர் அங்கே பணி செய்வீர்கள். சிலர் புதிய பொறிகளை வகுப்பீர்கள். மணிக்கு எத்தனை என்னும் கணக்கு முதல்நாளே உங்கள்முன் வைக்கப்படும். அக்கணக்கும் தேவையே, சர்க்கியின் சில ராத்தலால் இன்றைய உலகுக்கு ஆடை கொடுக்க இயலாது. ஆனால் கோவைக்கு வந்த ரம்பப் பொறியின் வேகத்தில் குறையில்லை. அது எந்த இழையைத் தொடப் போகின்றது, யார் அதனைப் பழுது பார்ப்பர் என்று கேட்காமல் கொண்டுவந்ததுதான் குறை. விட்னியின் பொறியின் திறமையிலும் குறையில்லை. அதன் பயன் யார் தோளில் சுமையாக விழும் என்று கேட்பார் அங்கே இல்லை.

அரவைப் பருவத்தில் திருப்பூர்ப் பக்கமோ, இராசபாளையம், விருதுநகர்ப் பக்கமோ செல்லும் வாய்ப்பு வந்தால், ஆசிரியரின் துணையோடும் உரியவரின் இசைவோடும் ஓர் அரவை ஆலையைப் பாருங்கள். பொறியிலிருந்து விழும் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, இழையை நீட்டி அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அடியில் உதிர்ந்த கொட்டைகளில் உடைந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பின்னர் அப்பொறியின் அருகே நிற்பவரிடம், எத்தனை மணி நேரமாக நிற்கின்றார், இருமல் உண்டா என்று மரியாதையோடு கேளுங்கள். இம்மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தால், அந்தப் பொறி நல்லதா என்று நீங்களே மதிப்பிடலாம்.